வானிலிருந்து வரும் இணையம்

அல்வாலில் ஒருவர் கைப்பேசியில் இணையத்தைத் திறந்தால், அக்கருவி அருகிலுள்ள கோபுரம் ஒன்றுடன் தொடர்பு கொள்கிறது. அக்கோபுரம் நிற்கும் இடம் சேவை நிறுவனத்திற்குத் தெரியும். கம்பிவழி இணைப்பு எனில் வீட்டு முகவரியே பதிவாகியிருக்கும். ஆகவே பயனரின் இருப்பிடத்தை அறிவது பெரும்பாலும் எளிது.

செயற்கைக்கோள் இணையத்தில் நிலை வேறு. பயனரின் அலைவாங்கி வானை நோக்கிச் செய்தியை அனுப்புகிறது. புவியைச் சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அதனைப் பெற்று, தொலைவிலுள்ள தரைநிலையத்தில் இறக்குகின்றன. அங்கிருந்தே அது இணையத்தில் கலக்கிறது. எனவே ஐ.பி. முகவரியைக் கொண்டு தேடுவோருக்குத் தரைநிலையம் சார்ந்த ஊர் தெரியலாமே அன்றிப் பயனர் இருக்குமிடம் தெரியாது. கருவியின் சரியான இடத்தை அந்நிறுவனம் அறியும். ஆனால் அந்நிறுவனம் அயல்நாட்டில் இருந்தால் விவரம் பெறுவது கடினம்.

2024 நவம்பரில் இச்சிக்கல் இந்தியாவில் வெளிப்பட்டது. அந்தமான் கடலில் மியான்மர் படகு ஒன்றை இந்தியக் கடலோரக் காவல்படை பிடித்தது. அதில் ஏறத்தாழ 6,000 கிலோ போதைப்பொருளுடன் ஸ்டார்லிங்க் கருவியும் இருந்தது. அப்போது அச்சேவைக்கு இந்தியாவில் உரிமம் இல்லை. கருவியை வாங்கியவர் யார் என்னும் விவரத்தைக் காவல்துறை அந்நிறுவனத்திடமே கேட்க வேண்டியதாயிற்று.

2025 மே மாதம் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை புதிய விதிகளை வெளியிட்டது. இந்தியப் பயனரின் செய்திகள் இந்தியத் தரைநிலையம் வழியாகவே செல்ல வேண்டும். பாதுகாப்பு அமைப்புகள் கேட்கும்போது கருவியின் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். நில எல்லையிலிருந்து 50 கி.மீ. வரையுள்ள பகுதி தனியே கண்காணிக்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் சில.

கடத்தல்காரரைப் பிடிக்கவும், புயலில் சிக்கிய மீனவரைக் காக்கவும் இருப்பிடம் தெரிய வேண்டும். ஆயினும் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது அவருடைய தனியுரிமையும் ஆகும். அறிய வேண்டியவர், அறிய வேண்டிய வேளையில் மட்டும் அறிவதே முறை.

சொற்பொருள்
பயனர் – பயன்படுத்துபவர்
அயல்நாடு – வெளிநாடு
உரிமம் – அரசு தரும் அனுமதி
தனியுரிமை – பிறர் தலையிடக் கூடாத சொந்த உரிமை

வினாக்கள்
1. கைப்பேசிப் பயனரின் இருப்பிடம் எவ்வாறு அறியப்படுகிறது?
2. செயற்கைக்கோள் இணையத்தில் அது கடினமாவது ஏன்?
3. பிரித்து எழுதுக: இருப்பிடம், அயல்நாட்டில், அக்கருவி.
4. இருப்பிடத்தைப் பிறர் அறிவதால் வரும் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் எழுதுக.