துண்டுக்குள் நடக்கும் பேரம்

அன்புள்ள மாணவிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, எரிச்சல். உன்மேல் இல்லை, தாயி. கடைசிப் பத்தியில் நீ எடுத்துப் போட்டிருந்த பழமொழிமேல். 'மௌனம் சம்மதம் என்பார்களே ஐயா, அப்படியானால் நானும் அவர் சொன்னதை ஒத்துக்கொண்டவள்தானா?' என்று கேட்டிருந்தாய். பெண் பார்க்க வந்த வீட்டில் பெண்ணை வாய் திறக்க விடாதவர்களுக்கு வசதியாக இருந்த பழமொழி அது. அதை எல்லா இடத்திலும் தூக்கி வைத்து அளக்காதே. பேசாதவர்களில் பயந்தவர் உண்டு, திகைத்தவர் உண்டு, யோசித்துக்கொண்டிருப்பவர் உண்டு, ஒத்துக்கொண்டவரும் உண்டு. நால்வருக்கும் ஒரே சீட்டு எழுதுவது நியாயமில்லை.

நடந்ததை நான் புரிந்துகொண்டவரைக்கும் சொல்கிறேன். மதுரை மாட்டுத்தாவணியில் ராத்திரி சென்னை பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள். உங்களை ஏற்றிவிட வந்த தோழியின் அப்பா ஆளுக்கொரு பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துவிட்டு, "ரூம் எடுக்கிறதுன்னா நல்ல புள்ளையாப் பாத்துச் சேத்துக்கங்க. அந்தக் காலனிப் புள்ளை வேணாம்மா, அதுக பழக்கவழக்கமே வேற" என்கிறார். நீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பஸ் வந்துவிட்டது. விழுப்புரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை. இவ்வளவுதானே?

அந்த இடத்தின் பெயரை முதலில் பார். தாவணி என்றால் உங்கள் வயசுக்காரர்களுக்குப் பாவாடை தாவணிதான் தெரியும். நீளமான ஒரு கயிறு, அதிலிருந்து கிளை பிரிகிற சின்னச் சின்னக் கயிறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு மாடு. அப்படி வரிசையாகக் கட்டும் கயிற்றுக்கும் தாவணி என்று பெயர். பிறகு மாட்டுச் சந்தைக்கே அது பெயரானது. சந்தையில் விலை பேசுவதைப் பார்த்திருக்கிறாயா? தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்வார். துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது.

மாடு போய் பஸ் வந்துவிட்டது. துண்டு போகவில்லை. "தம்பிக்கு எந்த ஊரு?" என்று பக்கத்து சீட்டுக்காரர் ஆரம்பிப்பார். மேலூர்ப் பக்கம் என்றால், "மேலூர்ல எங்கன?" ஊர்ப் பெயர் சொன்னால், "ஊருக்குள்ளயா, வெளியவா?" அதுவும் பிடிபடாவிட்டால், "சாமி கும்பிடுறது எந்தக் கோயில்?" நான்கு விரல் பிடித்தாகிவிட்டது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரோடு சேர்ப்பதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். வடக்கே இன்னும் பெயரின் வாலைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம்மிடம் வால் இல்லை. பெரிய காரியம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெயரில் இருந்ததை இப்போது கேள்வி கேட்டுப் பிடுங்க வேண்டியிருக்கிறது. இந்த விசாரணைக் கலையில் தமிழனுக்கு இணை கிடையாது என்பது என் முடிவு. என் நண்பர்கள் இதைக் கிறுக்கு என்கிறார்கள். இருக்கட்டும். தோழியின் அப்பா சொன்ன அந்தக் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நீக்க வேண்டியதுதான். அந்தச் சொல் போனால் 'அந்தப் பக்கம்' என்பார்கள். குழூஉக்குறி என்று உனக்கு நடத்தினேனே, பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது. அந்த உதாரணம் பழசாகிவிட்டது. இதை வைத்துக்கொள்.

அந்த நீளக் கயிற்றுக்கு வருகிறேன். ஒரு சனத்தையே ஒரே கயிற்றில் கட்டிப் பேசுவதுதான் நீ கேட்ட பேச்சு. 'அதுக' என்றாரே, அந்த ஒரு சொல்லில் கட்டியாகிவிட்டது. இது ஏதோ ஒரு பக்கத்துக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்காதே. உசிலம்பட்டிப் பக்கம் போ. பிறந்ததாலேயே ஒருவன் குற்றவாளி என்று எழுதி வைத்த சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தது. சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்பிள்ளைகள் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரி தன் வீட்டில் படுக்க முடியாது, போலீஸ் கண்ணெதிரில் படுக்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் சனங்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947-ல். அந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாடிய ஜார்ஜ் ஜோசப் மலையாளி, கிறிஸ்தவர், மதுரையில் வக்கீல் தொழில் செய்தவர். கயிற்றில் கட்டப்பட்டவர் இல்லை. 'நமக்கெதுக்கு வம்பு' என்று கட்சிக்காரர்களை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். சனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்றார்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். ஒரு தாத்தாவின் பெயர் ரோசாப்பூ என்று கேட்டு நான் சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். விவரம் தெரிந்த அன்றைக்கு வெட்கமாகிவிட்டது.

இனி உன் கேள்வி. இலக்கணத்தில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நீ, அதை மறுபடி நடத்த மாட்டேன். ஆனால் அந்த இலக்கணம் எழுதிய பவணந்தியார் அதைப் பரீட்சைக்காக எழுதவில்லை. தோழியின் அப்பா சொன்னது உனக்கு ஒரு செய்தியாகப் பட்டது. எனக்கு அது வினா. 'நீயும் நம்ம மாதிரிதானே?' என்பதுதான் அவர் கேட்டது. ஆறில் எது என்றால் கொளல் வினா என்பேன். கடையில் பருப்பு இருக்கிறதா என்று வாங்கத்தானே கேட்கிறோம். அவர் உன் தலையாட்டலை வாங்க வந்தார். பேசாமல் நின்றதால் நீ விற்றுவிடவில்லை. சிரித்திருந்தால் விற்றிருப்பாய். நீ சிரித்ததாக எழுதவில்லை, நம்புகிறேன்.

எட்டு விடையில் எதைச் சொல்வது? 'அப்படியெல்லாம் இல்லை' என்று முகத்துக்கு நேராகச் சொல்வது மறை. சொல்லப்பட்டவர் அங்கேயே நிற்கிறார், அவரைக் குத்தத்தான் சொல்கிறார்கள் என்றால் யோசிக்கவே கூடாது, மறைதான், அந்த நொடியிலேயே. சாமர்த்தியம் காட்டுகிற இடம் இல்லை அது. அவர் இல்லாத இடத்தில் எனக்குப் பிடித்தது வினா எதிர் வினாதல். "பழக்கவழக்கம் வேறன்னா எப்படி மாமா?" இவ்வளவு போதும். குரலை உயர்த்தாதே, கிண்டல் வேண்டாம், நிஜமாகவே தெரியாதவள் மாதிரி கேள். துண்டை உருவிவிடுவது இதுதான். துண்டுக்குள் சரளமாக இருந்த விரல் வெளிச்சத்தில் தடுமாறும். "அது... உனக்கே தெரியும்ல" என்பார். "தெரியலையே மாமா" என்று சொல்லிவிட்டுக் காத்திரு. முப்பது வருஷத்தில் எத்தனையோ கல்யாணப் பந்தியில், ஆசிரியர் ஓய்வறையில், ரயில் பெட்டியில் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். யாரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பேச்சு அறுந்துபோகும், பக்கத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். அதுவே லாபம்.

இன்னொன்று உற்றது உரைத்தல். "போன மாசம் அவ வீட்டுலதான் சாப்பிட்டேன் மாமா, அவ அம்மா வச்ச அயிரை மீன் குழம்பு இன்னும் நாக்குல இருக்கு." வாதமே கிடையாது, நடந்ததைச் சொல்கிறாய். ஆனால் நடந்திருக்க வேண்டும். போகாத வீட்டின் குழம்பைப் புகழாதே.

இந்தக் காலத்தில் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்களே, 'இன்று ஒருவனை வெளுத்து வாங்கினேன்' என்று, அவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எதிரில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டியதை முந்நூறு பேருக்குச் சொல்கிறார்கள். கத்துகிறேனோ? காரணம் இருக்கிறது. நானும் அப்படி ஒரு நாள் வீரனாக இருந்தேன்.

1980-களில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எதிர் வரிசையில் ஒருவர் ஒரு சாதியின் பெயரைச் சொல்லி, அதுகளுக்கு வீடு கொடுத்தால் தெருவே கெட்டுவிடும் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்து நின்று, "இதோ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, இவரும் அவர்களில் ஒருவர்தான், இவரைவிட யோக்கியன் இந்தப் பந்தியில் உண்டா?" என்று கேட்டேன். பந்தியே அமைதியானது. எனக்குப் பெருமை. பக்கத்தில் இருந்த நண்பர் இலையைப் பார்த்தபடியே இருந்தார். அவருடைய வீட்டுக்காரர் அதே பந்தியில், நான்கு இலை தள்ளி. வாடகைக்கு வரும்போது அவர் சாதியைச் சொல்லவில்லை, அவர்களும் துண்டுக்குள் விரல் பிடித்துத் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று அடுத்த மாதமே காலி செய்யச் சொன்னார்கள். அந்த வீட்டுக்காரருக்கு மகனே கிடையாது. மூட்டை கட்டும்போது நண்பர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "வாத்தியாரே, உங்க வீரத்துக்கு நான் வாடகை கட்டுறேன்."

பேசலாமா கூடாதா என்று நீ கேட்டதற்கு அந்த வாக்கியத்துக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்குத் தைரியம் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. நீ பேசினால் செலவு யார் கணக்கில் விழும் என்பதுதான் முதல் கேள்வி. உன் கணக்கில் என்றால் உன் இஷ்டம், பேசு. வேறொருவர் கணக்கில் என்றால் அவரைக் கேட்காமல் பேசாதே. 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோயிலுக்குள், அதுவரை நுழையக் கூடாது என்றிருந்தவர்களை வைத்தியநாதய்யர் அழைத்துப் போனார் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். அவருக்குச் சொந்தச் சாதியிலேயே கடும் எதிர்ப்பு வந்தது, உண்மை. ஆனால் அவரோடு போன ஆறு பேரை நினைத்துப் பார். ஐந்து பேர் அன்று அரிசனங்கள் எனப்பட்டவர்கள், ஒருவர் நாடார். தும்பைப்பட்டிக் கக்கன் அதில் ஒருவர். நீ ஏறின மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வழியாகப் போனால் அந்த ஊர். என்ன நடக்கும் என்று தெரிந்தே அவர்கள் காலெடுத்து வைத்தார்கள். என் நண்பரை நான் அப்படிக் கேட்கவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பாய். 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, மேலூர் சாலையிலேயே உயர் நீதிமன்றக் கிளையும் 2004 முதல் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரைப் பொதுப் பார்வையில் சாதி சொல்லித் திட்டினால் குற்றம். பொதுமக்கள் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் சொன்னது அந்தப் பிரிவில் வராது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆள் இல்லாத இடத்தில், பருத்திப்பால் வாங்கிக் கொடுத்து, அக்கறையோடு சொல்வதைப் பிடிக்க எந்தச் சட்டமும் வராது. அங்கே நின்றவர்கள்தான் இருக்கிறார்கள்.

உன் தோழியின் அப்பாவை விரோதியாக்கிக்கொள்ளாதே. ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளைப் பஸ் ஏற்ற வந்த மனிதர். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது அந்தக் கேள்வியைக் கேள். பிந்திக் கேட்டாலும் வினா வினாதான். அதற்கு முன் உன் தோழியிடம் பேசு. அப்பா சொன்னபோது அவளும் டம்ளரைத்தான் பார்த்திருப்பாள். 'காலனிப் புள்ளை' என்று அவர் சொன்ன அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் கொண்டுபோய்ச் சொல்லாதே. அவள் இதைவிட அதிகம் கேட்டிருப்பாள்.

நீண்டுவிட்டது, கண்ணும் வலிக்கிறது. சென்னை ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா, எத்தனை பேர் சேர்ந்து எடுத்தீர்கள், யார் யார் என்று அடுத்த கடிதத்தில் எழுது. அதைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உன் தமிழ் வாத்தியார்