நாய்க்குப் பச்சை மாமிசம் இடுவோர் கவனத்திற்கு

ஓநாயின் வம்சத்தில் உதித்த பிராணிக்கு அடுப்பும் உலையும் எதற்கு என்று வாதித்துக்கொண்டு, கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக் கழுத்தையும் காலையும் பச்சையாகவே தட்டில் இடுகிறவர்கள், அதனால் நாய்க்கு நேரும் தீங்கைப்பற்றி விசாரிக்கிறார்களே தவிர, வீட்டாருக்கு நேரக்கூடியதைப்பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நாயின் குடலில் யாதொரு நோயும் காட்டாமல் தங்கி, மலத்தின் வழியே வெளிப்பட்டு, தரையில் தவழும் குழந்தையையும் கர்ப்பிணியையும் வயோதிகரையும் வந்து பற்றுவதுண்டு. அமெரிக்கக் கால்நடை வைத்தியர் சங்கம் 2012-இலேயே இவ்வழக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே வேகவைத்தே இடுங்கள்.

எலும்பில்லாத கறியாகக் கேட்டு வாங்குங்கள். வெந்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்தும். பச்சை எலும்போ பல்லை உடைக்கும். ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி தென்பட்டால் தெருநாய்க்குக்கூட எறியாதீர்கள். அதிலிருந்து நாய்க்கு நாடாப்புழுவும், நாயிடமிருந்து நமக்கு அதே நீர்க்கட்டியும் வரும்.

எல்லோரும் இடறும் இடம் இனிமேல்தான். கறியைக் குழாயடியில் கொட்டி, மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் அலசிவிட்டால் சுத்தமாயிற்று என்று நினைக்கிறவர்கள், அலசும்போது தெறிக்கும் திவலைகள் பக்கத்தில் கவிழ்த்திருக்கும் தம்ளரிலும் நறுக்கிவைத்த காய்கறியிலும் படிவதைக் காண்பதில்லை. ஃப்ரீசரில் வைத்தால் போதும் என்பார் சிலர். குளிர் சில புழுக்களைக் கொல்லுமேயன்றி இக்கிருமிகளைப் பெரும்பாலும் உறங்கத்தான் வைக்கும். கொதிநீரில் முக்கியெடுப்பவர்களோ மேலே வெளுத்ததைக் கண்டு திருப்தியடைகிறார்கள். துண்டைப் பிளந்தால் நடுவில் இளஞ்சிவப்பு அப்படியே இருக்கும். கழுவவே வேண்டாம். பையை நேரே குக்கரில் கவிழ்த்து, தண்ணீர் விட்டு, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவுமின்றி, பையைக் குப்பையில் எறிந்து கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே மூடியைத் தொட்டு, மூன்று விசில் விடுங்கள். அதற்கும் சலிப்பவர்கள் நாய் வளர்க்காமலிருப்பதே உத்தமம்.

பூனைக்கும் இதே விதிதான். 2023-இல் சியோல் நகரில் பச்சைத் தீனி தின்ற பூனைகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டது. வெறும் கறியும் சோறும் சுண்ணாம்புச் சத்துக்குப் போதாவாகையால், குட்டியாயின் கால்நடை வைத்தியரைக் கலந்துகொள்ளுங்கள்.

இதுவரை பச்சையாகவே இட்டுவந்தவர்கள், வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு கண்டால், டாக்டரிடம் நாயின் ஆகாரத்தையும் மறவாமல் சொல்லுங்கள்.