வந்த காரியம் எது?

சாமிதோப்பிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிக்கு அருகே இருக்கிறது முள்ளிப்பட்டு. பட்டு நெசவு வாழும் ஊர். அங்கே குழித்தறியில் நெய்கிறவர் தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்து, மிதியை மிதித்து, நாடாவை ஓட்டி, ஒவ்வொரு இழையாகச் சேலையை வளர்க்கிறார். வீட்டுப் பெண்கள் நூல் சுற்றுகிறார்கள், தார் போடுகிறார்கள். ஒரு சேலைக்குப் பின்னால் ஒரு குடும்பமே உழைக்கிறது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டை மனக்கண்ணில் எண்ணிப் பார்க்கலாம். மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறான். "தறி சும்மா கிடக்கக் கூடாது, என்னோடு உட்காரு" என்கிறார் அப்பா. "செய்யாறு சிப்காட்டில் செருப்புக் கம்பெனி இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம்" என்கிறார் மாமா. "கல்லூரிக்கு அனுப்புங்கள்" என்கிறார் ஆசிரியர். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வேறு தீராமல் நிற்கிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் தங்கை அழகாகக் கோலமும் பூ வேலையும் வரைவாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்று பேர் சொல்வதும் நல்லதுதான். ஆனால் மூவரும் பேசுவது எங்கே போவது, எவ்வளவு வரும் என்பதைப் பற்றி மட்டுமே. இந்தப் பிள்ளை எந்தக் காரியத்துக்காகப் பிறந்தான் என்ற கேள்வி அந்த வீட்டில் எழவில்லை. அது எழாதவரை எந்தத் திட்டமும் காற்றடிக்கும் பக்கம் சாயும்.

அய்யாவின் தவம் காட்டும் வரிசை

அய்யா வைகுண்டர் கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, அதாவது 1833ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வெளிப்பட்டார். வெளிப்பட்ட உடனே பெருங்கூட்டம் கூட்டி ஆட்சி செய்யப் புறப்படவில்லை. சாமிதோப்பில் ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள், அடுத்த இரண்டு ஆண்டுகள் தரை மட்டத்தில், கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்தில்.

அந்த மூன்று தவத்துக்கும் தனித்தனி நோக்கம் இருந்ததாக அகிலத்திரட்டு அம்மானை உரைக்கிறது. முதல் தவம் கலியை ஒழித்து யுகத்தை மாற்ற. இரண்டாம் தவம் ஒடுக்கப்பட்டுக் கிடந்த மக்களின் நன்மைக்காக. மூன்றாம் தவம் பெண்களுக்காகவும் முன்னோருக்காகவும்.

இதில் அன்புக்கொடி மக்கள் கற்க வேண்டிய பாடம் இரண்டு. முதலாவது, காரியம் முன்னே நின்றது, செயல் அதன் பின்னே வந்தது. எதற்காக என்பது தெளிந்த பிறகே எங்கே, எவ்வளவு காலம், எந்த நிலையில் என்பது அமைந்தது. இரண்டாவது, அந்த மூன்று நோக்கங்களில் ஒன்றுகூடத் தனக்காக அல்ல. யுகத்துக்காக, மக்களுக்காக, பெண்களுக்காக. தன்னை மட்டும் நோக்கிய காரியம் ஒருவனைத் தவத்தில் நிலைக்க வைக்காது. பாதிக் குழியிலேயே ஏறிவிடச் சொல்லும்.

காரியம் ஒன்று, பணி பல

நோக்கம் ஒன்றானால் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்ய வேண்டுமா? இல்லை. அய்யாவுக்குச் சீடர்கள் ஐவர். அவர்களில் சகாதேவன் சீடரான அரிகோபாலன் அகிலத்திரட்டை ஏட்டில் எழுதும் பணியைப் பெற்றார். எழுதுகோல் பிடித்தவருக்கும் ஊர் ஊராகச் சென்று அன்புவழியைச் சொன்னவருக்கும் காரியம் ஒன்றுதான். கையில் வாய்த்த பணி வேறு.

துவையல் தவசும் இதையே காட்டுகிறது. 700 குடும்பங்கள் முதலில் வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் கடலோரத்தில் தங்கின. உடுத்த துணியைத் துவைத்தல், நீராடுதல், எளிய உணவு, கூட்டு வழிபாடு என்று நாளை ஒழுங்குபடுத்திக்கொண்டன. பெரிய பதவி எதுவும் அவர்களுக்குத் தரப்படவில்லை. துணி துவைக்கும் சாதாரண வேலையே அங்கே தவமாயிற்று. காரணம், எதற்காகத் துவைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே தறியில் உட்கார்வதும் தவமாகலாம், கம்பெனி வேலையும் தவமாகலாம், படிப்பும் தவமாகலாம். நோக்கம் இல்லாவிட்டால் மூன்றுமே வெறும் பிழைப்பாகவும் போகலாம்.

பாவும் ஊடையும்

இதை முள்ளிப்பட்டு நெசவாளர் எளிதில் புரிந்துகொள்வார். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. ஆயிரக்கணக்கான இழைகளை எண்ணி, சாயம் ஏற்றி, இழுத்துக் கட்டி, பழைய பாவின் முனையோடு ஒவ்வொரு இழையாக முறுக்கிப் பிணைக்கிறார்கள். அதை ஏற்றிவிட்டால் நடுவில் மாற்ற முடியாது. குறுக்கே ஓடுவது ஊடை. நாடாவில் இருக்கும் தார் தீர்ந்தால் வேறு தார் போடலாம், நிறத்தையும் மாற்றலாம். இழை அறுந்தால் முடிச்சிட்டு மேலே நெய்யலாம்.

வாழ்வின் நோக்கம் பாவு. அன்றாடத் திட்டம் ஊடை. நோக்கத்தை அவசரப்படாமல், எண்ணி, பொறுமையாகப் பிணைக்க வேண்டும். திட்டம் காலத்துக்கு ஏற்ப மாறலாம். ஒரு தேர்வில் தோற்றால், ஒரு வேலை போனால், அறுந்தது ஊடைதான். பாவு அறவில்லை. பலர் இதைத் தலைகீழாகச் செய்து துன்பப்படுகிறார்கள். வேலையை மாற்ற மறுத்துப் பிடிவாதம் பிடிக்கிறார்கள், நோக்கத்தையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்.

நோக்கத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பது எப்படி என்பதை அய்யாவே காட்டினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1838-39இல், அய்யாவைத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் நூறு நாட்களுக்கு மேல் சிறை வைத்தார்கள். ஒரு சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்ற நிபந்தனை வந்தது. அய்யா அதற்கு உடன்படவில்லை. சிறையில் இருக்கும் காலம் நீண்டாலும் எல்லா மக்களுக்குமாக வந்த காரியம் குறுகவில்லை.

திட்டத்தைச் சோதிக்க நான்கு கேள்விகள்

1. இதனால் தாழ்ந்து கிடக்கும் யாருக்காவது கை கிடைக்குமா? தாழ்ந்தவரைக் காப்பதே தர்மம் என்பது அய்யாவழியின் உயிர். பெரிய கொடை செய்ய வேண்டியதில்லை. வீட்டின் முன்பணக் கடன் தீர்வது, தம்பி தங்கை படிப்பது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத் தொழில் சொல்லித்தருவது எல்லாம் இதில் அடங்கும்.

2. இதைத் தலை நிமிர்ந்து செய்ய முடியுமா? மேல்துண்டும் தலைக்கட்டும் மறுக்கப்பட்ட காலத்தில் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தவர் அய்யா. பொய்க் கணக்கு எழுதியோ, ஒருவர் காலில் விழுந்தோதான் நடக்கும் என்றால், வருமானம் எவ்வளவு ஆனாலும் அந்தத் திட்டம் பொருந்தாது.

3. இது கண்ணாடிக்கு முன் நிற்குமா? பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அங்கே நிற்பவர் தன் முகத்தைத்தான் காண்கிறார். அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து எடுத்த முடிவு, ஊர் மெச்ச எடுத்த முடிவு, பயந்து எடுத்த முடிவு எதுவும் அங்கே வெகுநேரம் நிற்காது.

4. இன்றே எதைத் தொடங்கலாம்? ஆறு ஆண்டுத் தவமும் முதல் நாளில்தான் தொடங்கியது.

மீண்டும் அந்த வீட்டுக்கு

இந்த நான்கு கேள்விகளோடு அந்த நெசவாளர் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை உட்கார்ந்தால் பேச்சு மாறும். மகன் கம்பெனிக்குப் போகலாம். ஆனால் ஊரைவிட்டு ஓடுவதற்காக என்றால் ஒரு கதை, இரண்டு ஆண்டில் முன்பணத்தை அடைத்து அப்பாவின் தலையை நிமிர்த்துவதற்காக என்றால் வேறு கதை. வேலை ஒன்றுதான். இரண்டாவதில்தான் எவ்வளவு சேர்ப்பது, எப்போது நிறுத்துவது, அடுத்து என்ன என்பதெல்லாம் தானாகத் தெளியும். அவன் தறியிலேயே உட்காரலாம். அப்போது கூலிக்கு நெய்வதோடு நில்லாமல், கணக்கு எழுதவும் சேலையை நேரடியாக விற்கவும் கற்றுக்கொள்வது அவன் திட்டத்தில் சேரும்.

அந்தத் தங்கையின் பெயரும் பேச்சில் வர வேண்டும். மூன்றாம் தவம் பெண்களுக்காக என்பதை வாயால் சொல்லிவிட்டு, மகளின் வாழ்வை "யாராவது வந்து கேட்கும்போது பார்க்கலாம்" என்று விடுவது முறையல்ல. ஜக்கார்டு தறியின் பூ வேலை இன்று கணினியில் வரையப்படுகிறது. கைத்தறித் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்புத் தரும் மத்திய அரசின் கல்வி நிறுவனம் 1960 முதல் சேலத்தில் இருக்கிறது. கோலம் போடும் அந்தக் கை நாளை ஒரு தெருவுக்கே புது வடிவம் வரைந்து தரலாம். அவளுக்கு வேறு விருப்பம் இருந்தால் அதையும் கேட்டறிவதே தர்மம்.

இந்த வாரப் பயிற்சி

இந்த வாரம் உச்சிப்படிப்பு முடிந்ததும் ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுக: "இந்த வாழ்வால் யாருக்கு நன்மை ஆக வேண்டும்?" அதன் கீழே அடுத்த ஓர் ஆண்டில் செய்யக்கூடிய மூன்று செயல்கள். அதன் கீழே நாளைக் காலை செய்யும் ஒரு செயல். வீட்டில் சிறியவர் பெரியவர் எல்லோரும் எழுதி, ஒருவருக்கொருவர் படித்துக்காட்டுக. மேலே எழுதிய வரி பாவு. கீழே எழுதியவை ஊடை. ஆண்டுக்கு ஒருமுறை ஊடையைத் திருத்துக. பாவைப் பத்திரமாக வைத்துக்கொள்க.

குழிக்குள் தொடங்கிய தவம் பீடத்தில் நிறைந்தது. குழித்தறியில் காலிறக்கி உட்காருபவர் நாள் முழுதும் சில அங்குலமே நெய்தாலும், காரியம் தெரிந்து நெய்தால், அவருடைய நாளும் வீணல்ல.

அய்யா உண்டு!