தொற்றுக் காலத்தில் வீடு பார்க்க, விட, வாங்க: வேலூர், ஆம்பூர்க்காரர்களுக்குச் சில குறிப்புகள்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 2019 நவம்பர் 28 முதல் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டம். காலையில் பஸ் ஏறிப் போய் மதியம் சாப்பாட்டுக்குத் திரும்பிய ஊர்களுக்கு நடுவே மாவட்ட எல்லை வந்து, அதைத் தாண்ட இ-பாஸும் வந்தது. கல்யாணம், சாவு, வைத்தியம் என்றால்தான் பாஸ். வீடு பார்க்கப் போகிறேன் என்றால் கிடையாது. அந்த ஏப்ரல் கடைசியில் குடியாத்தம் பக்கமும் பொன்னை பக்கமும் ஆந்திரா போகும் சாலைகளின் குறுக்கே சுவரே கட்டி, எதிர்ப்பு வந்ததும் இடித்தார்கள்.

அந்த நாட்களிலும் வீடு மாற வேண்டியவர்கள் இருந்தார்கள். ஷூ கம்பெனி மூடிக் கிடந்ததால் வாடகை கட்ட முடியாதவர்கள், சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் மாட்டிக்கொண்ட வடக்கத்திக் குடும்பங்கள், கையில் காசில்லாமல் மனையை விற்றே ஆக வேண்டியவர்கள். இன்னொரு தொற்று வந்தால் நிலைமை பெரிதாக மாறிவிடாது. தாளில் பார்க்க வேண்டியதை எல்லாம் வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு, கண்ணும் மூக்கும் நாக்கும் மட்டுமே சொல்லக்கூடிய விஷயத்துக்காக ஒரே ஒரு முறை நேரில் போவதுதான் பாதுகாப்பான வழி. கீழே உள்ளவை அதற்கான குறிப்புகள்.

1. வாங்குகிற வீடாக இருந்தால் வில்லங்கச் சான்றை (ஈ.சி.) முதலில் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் ஈ.சி.யை இலவசமாகப் பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பும் அதே இடத்தில் கிடைக்கும். பட்டா, சிட்டா, புல வரைபடம் ஆகியவை வருவாய்த்துறையின் இணையச் சேவையில் உள்ளன. சர்வே எண்ணைத் தரத் தயங்குகிற உரிமையாளரின் வீட்டுக்கு, தொற்று இல்லாத காலத்தில்கூட நான் போகமாட்டேன்.

2. தேடும்போது மாவட்டத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பழைய பத்திரத்தில் 'வேலூர் மாவட்டம், ஆம்பூர்' என்று இருக்கும். இன்றைய பட்டாவோ திருப்பத்தூர் மாவட்டத்தின் கீழ் வரும். பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே இருக்கின்றன. ஈ.சி.க்கு மாவட்டத்தைவிடச் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர்தான் முக்கியம். வருவாய் மாவட்டமும் பதிவு மாவட்டமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தால் நிம்மதி அடைவதற்கு முன் அலுவலகத்தைச் சரியாகக் கொடுத்தோமா என்று பாருங்கள்.

3. ஈ.சி. எல்லாவற்றையும் சொல்லாது. பதிவு செய்யாத போக்கியம் அதில் வராது. முஸ்லிம் குடும்பங்களில் வாய்மொழியாகச் செய்யும் ஹிபாவும் வராது. சொத்தைக் கையில் ஒப்படைத்திருந்தால் அந்த தானம் எழுத்து இல்லாமலே செல்லும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் இது முக்கியம். குடும்பத்தின் மூத்தவர் ஒருவரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் போனில் மரியாதையாகக் கேளுங்கள்: 'இந்த வீட்டில் வேறு யாருக்காவது பாத்தியதை உண்டா?' நிலம் வக்ஃப் சொத்தா, கோயில் சொத்தா, ஏரிப் புறம்போக்கா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

4. மனை என்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் மேலே பேசவே வேண்டாம்.

5. அடுத்தது வீடியோ கால். எடுத்து அனுப்பிய வீடியோ போதாது. நேரலையில் நீங்கள் சொல்கிற இடத்துக்குப் போனை நகர்த்தச் சொல்லுங்கள். கூரை மூலை, குளியலறைச் சுவரின் அடிப்பகுதி, ஜன்னலைத் திறந்தால் தெரிவது என்ன, மாடிப்படியின் அகலம், மின் மீட்டர். மீட்டரின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டால் கரண்ட் பில் பாக்கியை நெட்டிலேயே பார்த்துவிடலாம். பிடிக்காத வீடுகளைக் கழிப்பதற்குத்தான் வீடியோ பயன்படும். வீடியோவை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

6. வீடியோவில் தெரியாத ஒன்று தண்ணீர். தோல் தொழில் ஊர்களில் வீடு பார்க்கும்போது இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் இதே பாலாற்று மாசு பற்றி மீண்டும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. எனவே 'போர் தண்ணி நல்லா இருக்கும்' என்ற ஒரு வார்த்தையை நம்பி வீடு எடுக்காதீர்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. காவிரித் தண்ணீர் இணைப்பு இந்த வீட்டுக்குத் தனியாக இருக்கிறதா, தெருக் குழாயிலிருந்து பிடிக்க வேண்டுமா? எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது? போர் தண்ணீரில் பருப்பு வேகிறதா? மூன்றாவது கேள்வியை அந்த வீட்டில் இப்போது குடியிருக்கும் பெண்ணிடம் கேளுங்கள், உண்மை வரும். நேரில் போகும்போது சுத்தமான பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து வந்து குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை இந்தியத் தர நிர்ணயம் பொறுத்துக்கொள்கிறது. குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பும் குரோமியமும் அப்படியே இருக்கும். நோய்க் காலத்தில் கேன் தண்ணீர் வண்டி நின்றுபோனால் இந்தப் போர்தான் கதி என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

7. நேரில் போகிற நாளில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். குழந்தைகளையும் வயதானவர்களையும் விட்டுவிட்டுப் போங்கள். அரை மணி நேரம் முன்பே ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கொரோனா காற்றின் வழியே பரவியது. கைப்பிடியைத் துடைப்பதைவிடக் காற்றோட்டம் பெரிய காவல். முற்றம் வைத்த பழைய வீடுகளில் பேச்சை முற்றத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஏ.சி. போட்ட அறையில் உட்கார்ந்து விலை பேசாதீர்கள். மாஸ்க் மூக்கையும் மூடட்டும்.

8. வீட்டில் ஆள் குடியிருந்தால் அவர்கள் அனுமதி முக்கியம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தள்ளிப் போடுங்கள். பத்து நாளில் வீடு எங்கும் ஓடிவிடாது.

9. ஒரே வீட்டுக்கு மூன்று புரோக்கர்கள் ஆள் கூட்டி வந்தால், வீட்டுக்காரருக்கு ஒரே நாளில் முப்பது பேரின் மூச்சு. ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், நேரம் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

10. அட்வான்ஸ்: 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் (2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது) மூன்று மாத வாடகையை அளவாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் கேட்டால் ஒப்பந்தத்தில் எழுதாமல் கொடுக்காதீர்கள். பணத்தை உரிமையாளர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். 'நான் வெளியூரில் மாட்டிக்கொண்டேன், முதலில் பணம் போடுங்கள், சாவி கூரியரில் வரும்' என்பவர் யாராக இருந்தாலும் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

11. வாட்ஸ்அப்பில் ஆதார் அனுப்ப வேண்டியிருந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை அனுப்புங்கள்.

12. போக்கியத்துக்கு வீடு எடுப்பது நம் பக்கம் சகஜம். சில லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை இல்லை என்பதால், சம்பளம் நின்றுபோகும் காலத்தில் அது பெரிய நிம்மதியாகத் தெரியும். ஆனால் நூறு ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய போக்கியம் உங்கள் பணத்தைக் காக்காது. பதிவு செய்தால்தான் அது செல்லும். ரிஜிஸ்டர் ஆபீஸ் மூடியிருந்தால், திறக்கும்வரை மாத வாடகைக்கு இருந்துவிட்டுப் பிறகு போக்கியம் போடுங்கள். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

13. வீடு விடுகிறவர்களுக்கு: நர்ஸ் என்றோ, ஆஸ்பத்திரியில் வேலை என்றோ வீடு மறுக்காதீர்கள். 2020 மார்ச்சில் மருத்துவர்களை வீட்டுக்காரர்கள் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று தில்லி எய்ம்ஸ் உறைவிட மருத்துவர்கள் உள்துறை அமைச்சருக்கே கடிதம் எழுத வேண்டி வந்தது. அந்த ஏப்ரல் 22-இல் வந்த அவசரச் சட்டம், மருத்துவப் பணியாளர் குடியிருப்பதற்கே இடைஞ்சல் தரும் தொல்லையையும் வன்முறை என்று சேர்த்தது. தண்டனை மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. சட்டத்தை விடுங்கள். தொரப்பாடியிலும் பாகாயத்திலும் வாடகைக்கு இருக்கும் அந்தப் பெண்கள்தான் நம் வீட்டு நோயாளிக்கு ராத்திரி விழித்திருக்கிறார்கள். பயம் நியாயமானதுதான். தனி வாசல் உள்ள மாடி போர்ஷனைக் கொடுங்கள், மாடிப்படி ஜன்னலைத் திறந்து வையுங்கள், அவ்வளவு போதும்.

வெளி மாநில நோயாளிக் குடும்பங்களுக்கு அறை விடுகிறவர்கள் ஜன்னலும் தனிக் கழிப்பறையும் உள்ள ஓர் அறையைக் காலியாக வைத்திருங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கைகொடுக்கும். 2020-இல் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் குடும்பங்கள் பல வாரம் தவித்த பிறகுதான் மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் ஏறின. அத்தனை நாளும் அறை வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. நாள் வாடகையை மாத வாடகையாக மாற்றிக் குறைத்துக் கொடுப்பது அப்போது பெரிய உதவி. வங்கதேசத்தவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்தைப் பதிய வேண்டும். ஊரடங்கிலும் அதை விடாதீர்கள்.

14. வாடகை கட்ட முடியவில்லை என்றால் ஒளிந்துகொள்ளாமல் முதல் தேதிக்கு முன்பே பேசுங்கள். 'ஏப்ரல், மே வாடகையை ஆகஸ்டிலிருந்து நான்கு தவணையில் தருகிறேன்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்று உத்தரவிட்டது. காலி செய்யச் சொல்லி வற்புறுத்தினால் நடவடிக்கை என்றும் சொன்னது. அடுத்த முறையும் அப்படி உத்தரவு வந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வாடகைப் பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு எந்தக் காலத்திலும் உரிமை இல்லை.

15. காலியான வீட்டைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும்போது கழிப்பறை ஆசிட்டை அதோடு கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. கழுவிவிட்டு ஒரு நாள் ஜன்னலைத் திறந்து போடுங்கள்.

16. பதிவு நாளுக்கு முன்பே பத்திரத்தின் நகலை வாங்கி, பெயர், அளவு, நான்கு எல்லை எல்லாம் வீட்டிலேயே படித்துச் சரிபார்த்துவிடுங்கள். டோக்கன் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு போனால் போதும். சாட்சிகள் இருவரும் வெளியே நிற்கட்டும், கூப்பிட்டதும் வரட்டும். ரேகை வைக்கும் முன்னும் பின்னும் கை சுத்தம் செய்துகொள்ளுங்கள். எழுந்து வர முடியாத பெரியவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் ஆம்புலன்ஸில் தூக்கி வர வேண்டாம். தக்க காரணம் காட்டி விண்ணப்பித்தால் பதிவு அலுவலரே வீட்டுக்கு வந்து பதிய 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

17. கையெழுத்தான பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணத்தால் தவறினால் அபராதம் கட்டி இன்னும் நான்கு மாதம் வரை கேட்கலாம். துபாயிலோ சவூதியிலோ இருக்கும் பிள்ளை தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். எனவே கவர் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி, கவரையும் சேர்த்து வையுங்கள்.