குறுமரச் சட்டிகளுக்கு ஏற்ற சிறுகற் கலவையும் அதன் அமில காரத் தன்மையும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருட் சிலர் ஆல், இத்தி, புளி, தேசி, வெட்சி முதலியவற்றைச் சட்டிகளிற் குறுமரங்களாக வளர்த்து விற்பதையும் ஒரு பக்கத் தொழிலாகக் கொண்டுள்ளனர். போன்சாய் என்னும் சப்பானியப் பெயரால் வழங்கும் இம்மரங்கள் நல்ல விலை பெறும் நிலையை அடையப் பல ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டு உழைப்பும் ஒரு கோடையில் வீணாகும்போது பூச்சியையும் நோயையும் தேடுவது வழக்கம். ஆயின் பலவேளைகளில் குற்றம் சட்டியிலுள்ள மண்ணிலும் அதற்கு ஊற்றும் நீரிலுமே இருக்கும். சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

வயல் மண் சட்டிக்கு ஆகாது

நெற்செய்கையில் மண்ணை உழுது சேறாக்கி, நீர் கீழிறங்காதபடி செய்கின்றோம். குறுமரச் சட்டியில் வேண்டுவது இதற்கு நேர்மாறானது. சட்டி ஆழமற்றதாகையால் அதன் அடியில் நீர் தங்கும் படை மண்ணின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். நீரில் நனைத்த பஞ்சுத் துண்டொன்றைத் தட்டையாகப் பிடித்து நீர் வடிவது நின்றபின், அதனையே நெடுக்காக நிமிர்த்திப் பாருங்கள். மீண்டும் நீர் சொட்டும். தட்டையாகக் கிடந்தபோது வடியாத நீரே அது. தாழ்ந்த சட்டியும் தட்டையாகக் கிடக்கும் பஞ்சு போன்றது. அதில் தோட்டத்துச் செம்மண்ணை நிரப்பினால் சில மாதங்களில் மண் இறுகி, வேர் காற்றின்றி அழுகும்.

ஆகவே, பருமனான சிறுகற்களே கலவையின் பெரும்பகுதியாக இருத்தல் வேண்டும். சப்பானியர் இதற்கு அகடாமா என்னும் எரிமலைச் சாம்பல் மண்ணின் கட்டிகளைப் பயன்படுத்துவர். நம் நாட்டில் அத்தகைய மண் இல்லை. இறக்குமதியாகும் பொதிகளுக்குப் பணம் செலவிட வேண்டியதுமில்லை. நன்றாகச் சுட்ட செங்கல்லை அல்லது கூரை ஓட்டை உடைத்து எடுத்த துண்டுகள் அந்த வேலையைப் போதிய அளவு செய்யும். அவற்றின் நுண்துளைகள் நீரைப் பிடித்துவைக்கும். துண்டுகளுக்கு இடையே காற்று உலாவும்.

உடைத்ததை இரண்டு அரிதட்டுகளால் அரித்து, 3 மில்லிமீற்றருக்கும் 6 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டதை மட்டும் எடுக்க. தூளை எறிந்துவிடுதல் வேண்டும். இதில் சோம்பல் கொள்வோர் பலர். தூள் அடியில் இறங்கிச் சட்டியின் துவாரத்தை அடைத்தபின், கல்லைக் கலந்தும் பயனில்லை என்பர். எடுத்த துண்டுகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து விரல்களால் தேய்த்துப் பார்க்க. கரைந்து சேறாகுமாயின் அது சரியாக வேகாத கல், அதனை விலக்குக.

பொதுவாக, செங்கற்றுண்டு இரண்டு பங்கு, கருங்கல்லை உடைத்த சிறுசல்லி ஒரு பங்கு, நன்கு உக்கி அரித்த கூட்டெரு அல்லது கழுவிய தும்புச்சோறு ஒரு பங்கு என்ற அளவு ஆல், இத்தி, புளி ஆகியவற்றுக்குப் பொருந்தும். தேசிக்கும் வெட்சிக்கும் தும்புச்சோற்றைச் சிறிது கூட்டலாம்.

அமில காரத் தன்மை

மண்ணின் அமில காரத் தன்மையைப் பி.எச். என்னும் அளவாற் குறிப்பர். 7 நடுநிலை; அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். இவ்வளவில் ஒரு படி என்பது பத்து மடங்கு வேறுபாடு என்பதை மறத்தல் ஆகாது. சட்டியில் வளரும் பெரும்பாலான மரங்களுக்கு 5.5 முதல் 6.5 வரை உகந்தது. 7.5க்கு மேற் சென்றால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதனை உறிஞ்சும் நிலையில் இராது.

நெற்செய்கையாளர் பலர் இவ்வளவைப் பற்றிக் கேள்விப்பட்டும் பொருட்படுத்தாமைக்குக் காரணம் உண்டு. வயலில் நீர் கட்டிய சில வாரங்களில் அமில மண்ணின் பி.எச். உயர்ந்தும், கார மண்ணினது தாழ்ந்தும் நடுநிலையை நெருங்கும். இலங்கையரான மண் விஞ்ஞானி எவ். என். பொன்னம்பெரும 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையில் இதனை விரிவாக விளக்கியுள்ளார். நீர் வடிந்துவிடும் சட்டிக்கு அந்த உதவி கிடையாது.

தேசிப்புளிச் சோதனை

கலவையிற் சேரும் கல், மணல் ஒவ்வொன்றிலும் சிறிதெடுத்துக் கோப்பையிலிட்டு, தேசிப்புளி அல்லது வினாகிரி சில துளி விடுக. நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு உண்டு. குடாநாட்டு வெள்ளைக்கற் சல்லியும், சிப்பியும் முருகைக்கல்லும் கலந்த கடற்கரை மணலும் இச்சோதனையிற் பொங்கும். கடல் மணலில் உப்பும் உண்டு. இடித்த பழைய வீடுகளின் செங்கல் மலிவாகக் கிடைக்குமெனினும், அதில் ஒட்டியுள்ள சுண்ணாம்புச் சாந்தை முற்றாகச் செதுக்கி நீக்கிய பின்னரே உடைத்தல் வேண்டும். அடுப்புச் சாம்பலைச் சேர்க்கவே கூடாது. உமிக்கரியையும் கழுவிச் சிறிதளவே சேர்க்கலாம்.

இத்தகைய பொருளைக் கலந்துவிட்டுப் பின்னர் கந்தகத்தால் திருத்தலாம் என்று எண்ணுவோர் ஒரு கணக்கைப் பார்த்தல் நன்று. ஒரு கிலோ கலவையில் 100 கிராம் சுண்ணாம்புக்கல் இருக்குமாயின் அதனை முழுதும் அழிக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். அவ்வளவு கந்தகத்தை ஒரு சிறு சட்டியில் இட்டால் மரம் பிழைப்பது அரிது.

புதிய சீமெந்துச் சட்டியிலிருந்தும் சுண்ணாம்பு கசியும். அதில் நீரை நிரப்பி, சில நாட்களுக்கு ஒருமுறை ஊற்றி மாற்றி, மூன்று நான்கு வாரம் பழக்கியபின் நடுக. புதிய சீமெந்துத் தொட்டியிற் சேர்த்த மழைநீருக்கும் இக்குறை உண்டு.

நீரே பெரிய காரணம்

சுண்ணாம்பில்லாத கலவையைத் தேர்ந்தெடுத்தும் ஓராண்டில் இலை மஞ்சளாவதைக் காணலாம். கேத்தலின் உட்புறத்திற் படியும் வெள்ளைப் படையை எல்லோரும் அறிவர். அதே சுண்ணாம்புதான் கிணற்று நீரை ஊற்றுந்தோறும் சட்டியிலும் சேர்கின்றது. நீரிற் கரைந்துள்ள இருகாபனேற்று நாளடைவில் பி.எச். அளவை உயர்த்தும். சட்டியின் விளிம்பிலும் அடிமரத்திலும் வெண்மை படர்ந்தால் அது முன்னறிவித்தல் என்று கொள்க.

ஆகையால், ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையை ஓட்டுக்கூரையிலிருந்து பிடித்துப் பிளாத்திக்குப் பீப்பாய்களில் மூடிவைத்து, தேசி, வெட்சி ஆகியவற்றுக்கென ஒதுக்குதல் வேண்டும். நுளம்பு புகாதபடி வாயைத் துணியாற் கட்டுக. நீர் போதாவிடின் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிவை மட்டும் எடுக்கலாம். சுண்ணாம்பின் ஒரு பகுதி அடியிற் படிந்துவிடும். விறகுச் செலவைப் பார்த்தால் இரண்டு மூன்று சட்டிகளுக்கே இது கட்டும். கிணற்று நீரில் தேசிப்புளி கலந்து ஊற்றுவதாற் கிடைக்கும் பயன் குறுகிய காலத்தது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அப்புளியைச் சிதைத்ததும் காரம் திரும்பும். மழைநீர் சேர்க்க இடமில்லாதவர் புளியைத் தேர்ந்தெடுப்பதே புத்தி. அது சுண்ணாம்பு மண்ணையும் பெரிதும் தாங்கும்.

சட்டியின் நிலையை அறிய, வழமைபோல் நீரூற்றி ஒரு மணி நேரங் கழித்துச் சிறிது மழைநீரை மேலே விட்டு, அடியில் முதலில் வடியும் நீரைக் கோப்பையில் ஏந்திப் பி.எச். தாளை அதில் தோய்த்துப் பார்க்க. பெருமழை பெய்த மறுநாள் பார்த்து மனந்தேறுதல் கூடாது. கோடையிலும் மாதம் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

இலை மஞ்சளானால்

எந்த இலை மஞ்சளாகிறது என்பதை முதலில் அவதானிக்க. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளிறினால் நைதரசன் குறைவு. நுனியிலுள்ள இளந்தளிர் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு. இரண்டாவதற்கு யூரியா இடுவது தோட்டத்தில் நாம் பழகிய கையின் குற்றம். மரம் மேலும் நலியும்.

இரும்புக் குறைவுக்கு, ஒரு லீற்றர் மழைநீரில் 5 கிராம் பெரசுச் சல்பேற்றைக் கரைத்து, சில துளி தேசிப்புளி சேர்த்து, மாலையில் இலைகளில் மெல்லத் தெளிக்க. முதலில் ஒரு கிளையிற் பரீட்சித்துக் கருகல் இல்லையெனக் கண்டபின் முழு மரத்துக்கும் தெளித்தல் நன்று. கிணற்று நீரிற் கரைத்தால் இரும்பு துருவாகப் படிந்துவிடும். காரமேறிய மண்ணில் இட்டாலும் அவ்வாறே. பசளையாக யூரியாவுக்குப் பதில் அமோனியஞ் சல்பேற்றை லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து இரு வாரத்துக்கொரு முறை ஊற்றினால் மண் சிறிது அமிலப் பக்கம் திரும்பும்.

மலைநாட்டில் நிலைமை மறுதலையானது. அங்கு மண் அமிலமானது. கிழங்குச் செய்கைக்குத் தொலமைற்று இடுவர். அப்பழக்கத்தில் ஒரு பிடி தொலமைற்றைச் சட்டியிலும் போடுவோர் முதலிற் பி.எச். தாளைப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

சட்டியிற் பி.எச். 7.5க்கு மேல் ஏறி நின்றால் மருந்து தெளித்துக் காலங்கடத்தாது, மாரி தொடங்கும் ஒக்டோபரில் பழைய கலவையைக் குச்சியால் உதிர்த்து, மழைநீரில் வேரை அலசி, புதுக் கலவையில் நட்டு, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைக்க. புதுத் தளிர் வரும்வரை பசளை இடலாகாது.