காணொளி வழி மருத்துவமும் காப்பீட்டுச் சட்டமும்

கலிஃபோர்னியாவில் வாழும் நீரிழிவு நோயாளிகள் இருவர், ஒரே மருத்துவரிடம் தத்தம் இல்லத்திலிருந்தே காணொளி வாயிலாக ஆலோசனை பெறுகின்றனர் எனக் கொள்வோம். இருவரது காப்பீட்டு அட்டையிலும் ஒரே நிறுவனத்தின் பெயர். ஆயினும் ஒருவருக்குக் காப்பீடு தொகையைச் செலுத்திவிடுகிறது. மற்றவருக்கு முழுத் தொகைக்கும் பில் வந்து சேர்கிறது. இது எங்ஙனம் நேர்கிறது?

இம்மாநிலத்தில் தொலைமருத்துவத்துக்கென முதற்சட்டம் 1996-இலேயே இயற்றப்பட்டது. 2019-இல் நிறைவேறிய ஏபி 744 என்னும் சட்டம் அதனை மேலும் வலுப்படுத்தியது. 2021 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் காப்பீட்டு ஒப்பந்தங்களை அது கட்டுப்படுத்துகிறது. நேரில் அளித்தால் காப்பீடு ஏற்கும் சிகிச்சையைக் காணொளியில் அளித்தாலும் அதே அளவில் ஏற்க வேண்டும். மருத்துவருக்கும் அதே விகிதத்தில் ஊதியம் தர வேண்டும். நோயாளி தம் பங்காகச் செலுத்தும் கோ-பே, நேரில் வரும்போது செலுத்துவதைவிட மிகுதியாக இருத்தல் கூடாது. காப்பீட்டு நிறுவனம் தான் தெரிந்தெடுத்த வெளி நிறுவனங்களின் காணொளிச் சேவையை மட்டுமே ஏற்பேன் என வரையறுக்கவும் இயலாது.

மருத்துவரின் ஊதியம் நமக்கு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். ஊதியம் குறைந்தால் காணொளிக்கென நேரம் ஒதுக்கும் மருத்துவர்களும் குறைவர். எனவே இப்பிரிவே நோயாளிக்கு மிகுந்த பயன் தருவது என்பது எம் கருத்து. அதே வேளையில், கட்டியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென மருத்துவர் கருதினால் நேரில் வரத்தான் வேண்டும். சட்டம் அவரது முடிவில் தலையிடுவதில்லை.

இனி, அந்த இரண்டாமவர். அவர் பணிபுரியும் தனியார் நிறுவனம், ஊழியரின் மருத்துவச் செலவைத் தன் சொந்த நிதியிலிருந்தே ஏற்கிறது. அட்டையில் பெயருள்ள காப்பீட்டு நிறுவனம் கணக்கு வழக்குகளை மட்டுமே கவனிக்கிறது. இத்தகைய திட்டங்கள் எரிசா எனப்படும் 1974-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அடங்குவன. மாநிலக் காப்பீட்டுச் சட்டங்கள் அவற்றைக் கட்டுப்படுத்தா. அவற்றுள்ளும் காணொளி ஆலோசனையை ஏற்பவை பல உள்ளன. எனினும் அது திட்டத்தின் விருப்பமேயன்றி மாநிலம் விதித்த கடமை அன்று.

ஆகவே, அட்டையை நம்பி இராமல், பணியிடத்தின் மனிதவளத் துறையிடம் ஒன்றைக் கேளுங்கள்: “நம் திட்டம் நிறுவனத்தின் சொந்த நிதியில் நடப்பதா, காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கியதா?” விடையை எழுத்தில் பெறுவது நன்று.

கோரிக்கை மறுக்கப்பட்டால் செல்லும் வழியும் இவ்விடையைப் பொறுத்ததே. மாநிலத்துக்கு உட்பட்ட திட்டமெனில், முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் முறையிடுங்கள். 30 நாள்களில் தீர்வு கிட்டாவிடில், திட்டத்தின் வகைக்கேற்ப மாநில நிர்வகிக்கப்பட்ட நலப்பராமரிப்புத் துறையையோ காப்பீட்டுத் துறையையோ அணுகலாம். சொந்த நிதித் திட்டமெனில், மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 180 நாள்களுக்குள் திட்டத்திடமே மேல்முறையீடு செய்ய வேண்டும்; ஐயம் தீர்க்க உதவுவது அமெரிக்கத் தொழிலாளர் துறை. கடிதத்தை உறையோடு பத்திரப்படுத்துங்கள். நாள் கணக்குக்கு அது தேவைப்படும்.

பராமரிப்பாளர்கள் அறிய வேண்டியவை இன்னும் இரண்டு. மாநிலத்துக்கு உட்பட்ட திட்டங்கள், கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரை அளிக்கக் கடமைப்பட்டவை, தமிழுக்கும் கேட்கலாம். மகனை அருகில் வைத்துக்கொண்டு தம் உடல்நிலை முழுவதையும் சொல்லத் தயங்கும் தாய்மார்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். மற்றொன்று: நோயாளி சந்திப்பின்போது இருக்கும் மாநிலத்தின் உரிமம் மருத்துவரிடம் இருத்தல் வேண்டும் என்பதே பொதுவிதி. நெவாடாவிலுள்ள மகள் வீட்டுக்குச் சென்றிருக்கையில் சந்திப்பு அமையுமாயின், முன்னரே எங்களிடம் தெரிவித்து நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.