நம்பிக்கைகளும் உண்மைகளும்: பாலைவனம்

மலேசியாவில், யோங் பெங்கிலிருந்து லாபிஸ் செல்லும் சாலையில், மறுநடவுக்காகச் செம்பனைகளை வீழ்த்தி மொட்டையாக்கியிருந்த ஒரு குன்றைக் காட்டி, “பாத்தீங்களா சார், பாலைவனமாக்கிட்டானுங்க!” என்று பெருமூச்செறிந்தார், பால்மரக் காலத்திலிருந்தே இவ்வட்டாரத்தில் வாழும் என் நண்பர். அன்று மாலை பெய்த மழையில் அக்குன்றின் விளிம்பு கரைந்து, சாலையோரக் கால்வாயில் செங்குழம்பாக ஓடிற்று.

பாலைவனத்தை நிர்ணயிப்பது மரமின்மையன்று, மணலுமன்று; சகாராவிலேயே மணற்பரப்பு ஏறத்தாழ கால்பங்குதான். ஆண்டுக்குச் சுமார் 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் பிரதேசமே பாலைவனம் என்பது பொதுவான கணக்கு. அக்கணக்கில் பனி மூடிய அண்டார்க்டிகாவும் சேரும். 2023 மார்ச்சில் வெள்ளத்தில் தத்தளித்த யோங் பெங் சேராது. ஆயினும் நண்பரைக் குறை கூற மனம் வரவில்லை. குறிஞ்சியும் முல்லையும் கோடையில் தம் இயல்பு கெட்டு அடையும் கோலத்தையே சிலப்பதிகாரம் பாலை என்கிறது. அவர் வாயில் வந்தது அந்தப் பழைய பாலை.

நீர் பாய்ச்சிவிட்டால் பாலைவனம் சொர்க்கமாகிவிடும் என்பது இதனினும் பெரிய மயக்கம். 1958-இல் ராஜஸ்தான் கால்வாய் என்று தொடங்கி, பிற்பாடு இந்திரா காந்தியின் பெயரைத் தாங்கிய கால்வாய், சத்லெஜ், பியாஸ் நதிகளின் ஜலத்தைத் தார்ப் பாலைக்குக் கொண்டு சென்றதும், அங்கே கோதுமையும் பருத்தியும் விளைந்ததும் மெய்யே. ஆனால், அடிமண்ணில் ஜிப்சம் படலம் இறுகிக் கிடந்த இடங்களில், பாய்ந்த நீர் கீழிறங்க வழியின்றித் தேங்கி, நீர்மட்டம் வேர்வரை ஏறி, வெயிலில் ஆவியாகி, வயலின்மேல் உப்பை வெண்பொருக்காகப் படியவிட்டது. வறட்சியில் பிழைக்கத் தெரிந்த மண், ஈரத்தில் மலடாயிற்று.

பாலைவனம் ஜீவனற்ற வெறும் பூமி என்பாருமுண்டு. நம் சிவாலயங்களில் ஸ்தல விருட்சமாக நிற்கும் வன்னியே தாரிலும் வளர்கிறது. அதன் காயைச் சமைக்கிறார்கள், தழையை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள். 1730-இல், ஜோத்பூர் அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேடி வந்தவர்கள் கேஜர்லி கிராமத்து வன்னிகளை வெட்டத் துணிந்தபோது, அம்மரங்களைக் கட்டித் தழுவிக்கொண்டு 363 பிஷ்ணோய் மக்கள் உயிர் நீத்தனர் என்பது அவ்வூர் மரபு. இன்றோ சூரிய மின்பலகைகளுக்கு இடம் வேண்டி பிகானேர்ப் பக்கத்தில் அதே வன்னிகள் வெட்டுண்கின்றன. அரிதாகிவிட்ட கானமயில் மின்கம்பிகளில் மோதி மாள்கிறது. ஏனென்று கேட்டால், சும்மா கிடக்கிற பூமிதானே என்கிறார்கள்.